மூன்று மில்லிமீட்டர் இடைவெளி: வான்சாகச அணிகளின் மாதிரி விமானத் தொகுப்பு

இராணுவ வான்சாகச அணிகளின் வரலாற்றை ஏழு பீடங்களில் 43 சிறு உலோக விமானங்களாகத் தரும் இந்தத் தொகுப்பைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்ததும் நான் செய்த முதல் வேலை, வெர்னியர் காலிப்பரைத் தேடி எடுத்ததுதான். அமெரிக்கக் கடற்படையின் ப்ளூ ஏஞ்சல்ஸ் அணி வைர வடிவில் பறக்கும்போது, ஒரு விமானத்தின் இறக்கை நுனியும் அடுத்த விமானத்தின் காக்பிட் கண்ணாடியும் 18 அங்குலம், அதாவது ஏறத்தாழ 46 சென்டிமீட்டர் வரை நெருங்குகின்றன. இந்த மாதிரிகள் உண்மை விமானத்தின் 144இல் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்டவை என்பதால், அந்த இடைவெளி மேசையின்மீது மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வரவேண்டும். வண்ணம் கொஞ்சம் மங்கியிருந்தால் பொறுத்துக்கொள்வேன். எழுத்துருவில் பிழையிருந்தாலும் பொறுத்துக்கொள்வேன். அணிச் சாகசத்தின் உயிரே அந்தச் சிறு இடைவெளியில் இருப்பதாக நான் நம்புவதால், அது தவறிய தொகுப்பை வரலாற்றுத் தொகுப்பென்று ஏற்க எனக்கு மனம் வராது.

ஒவ்வொரு பீடமும் கறுப்பு அக்ரிலிக் தகடு ஒன்றும் அதிலிருந்து வளைந்தெழும் எஃகுக் கம்பிகளுமாக அமைந்திருக்கிறது. கம்பிகளின் நீளமும் கோணமும் முன்னதாகவே வகுக்கப்பட்டு, அடியில் எண் பொறிக்கப்பட்டிருப்பதால், எண்ணைப் பார்த்துத் துளையில் செருகி, விமானத்தை நுனியில் பொருத்தினால் வேலை முடிந்தது. எல்லாவற்றையும் கோத்து முடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. கூடவே வரும் கையேடு ஒவ்வொரு பீடத்துக்கும் சில பக்கங்கள் ஒதுக்கி வரலாற்றைச் சொல்கிறது. உலோக வேலையில் இவர்கள் காட்டிய அக்கறையைக் கையேட்டில் காட்டவில்லை என்பது என் முதன்மையான குறை. அதைப் போகப்போகச் சொல்கிறேன்.

முதல் பீடத்தில் இருப்பவை 1930களின் ஹாக்கர் ஃப்யூரி இரட்டை இறக்கை விமானங்கள் மூன்று. இலண்டனை அடுத்த ஹெண்டனில் பிரிட்டிஷ் விமானப்படை 1920 முதல் 1937 வரை ஆண்டுதோறும் நடத்திய காட்சியில், விமானங்களின் இறக்கைகளைக் கயிற்றால் ஒன்றோடொன்று பிணைத்துக்கொண்டு தரையிலிருந்து எழுந்து, சாகசங்களைச் செய்து, கயிறு அறாமல் இறங்கிக் காட்டும் வழக்கம் இருந்தது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்கு அது வித்தையாகத் தெரிந்திருக்கலாம். விமானிகளுக்கோ அது பொய் சொல்ல இடம் தராத தேர்வு: ஒருவர் ஒரு முழம் விலகினாலும் அறுந்த கயிறு எல்லோருக்கும் காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் பீடத்தில் நைலான் இழையை மூன்று விமானங்களுக்கும் இடையே விறைப்பாக இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். இது சரியன்று. காற்றில் மேலும் கீழும் அசையும் விமானங்களைப் பிணைக்கும் கயிற்றில் தொய்வு இருந்தாக வேண்டும். அந்தத் தொய்வு எவ்வளவோ அவ்வளவுதான் விமானிக்கு வழங்கப்பட்ட பிழைக்கான இடம். நான் இழையை அவிழ்த்து, சற்று நீளமான பருத்தி நூலைக் கட்டிக்கொண்டேன். உடனே அந்த மூன்று விமானங்களும் பறக்கத் தொடங்கியதைப்போல் எனக்குத் தோன்றியது.

இந்தக் காலகட்டத்தைக் கையேடு பிரிட்டனுக்கு மட்டுமே எழுதிக் கொடுத்துவிடுகிறது. அமெரிக்கக் கடற்படையில் 1928இல் ‘த்ரீ சீ ஹாக்ஸ்’ என்ற மூவர் அணி உருவானதையும், இத்தாலியின் காம்போஃபோர்மிதோ தளத்தில் ரீனோ கோர்சோ ஃபூஜியே 1930 வாக்கில் அணிச் சாகசத்துக்கென்றே ஒரு பயிற்சி மரபைத் தொடங்கியதையும், பிரான்சில் 1931இல் எதாம்ப் நகரின் பயிற்சிப் பள்ளியிலிருந்து ஓர் அணி எழுந்ததையும், பின்னாளில் சீனாவில் பெயர்பெற்ற கிளேர் ஷெனால்ட் 1930களில் அமெரிக்கத் தரைப்படை விமானப்பிரிவில் மூவர் அணியை நடத்தியதையும் ஒரு வரியிலாவது சேர்த்திருக்கலாம். நான்கு நாடுகளில் ஏறத்தாழ ஒரே சமயத்தில் இந்தக் கலை முளைத்ததற்குக் காரணம் உண்டு. முதல் உலகப்போருக்குப் பின் போர்விமானிகள் தனித்தனியாகச் சண்டையிடும் வழக்கம் போய், தலைவரை விட்டு விலகாமல் கூட்டாகப் பறப்பதே போர்முறை ஆயிற்று. மைதானத்தில் மக்கள் கண்டது அந்தப் போர்முறையின் அழகான பக்கம்.

இரண்டாவது பீடத்தில் அடர்நீல எஃப்6எஃப் ஹெல்கேட் விமானங்கள் மூன்று நிற்கின்றன. 1946 ஏப்ரலில் கடற்படைத் தளபதி செஸ்டர் நிமிட்ஸ் ஆணையிட, ராய் வோரிஸ் என்ற போர்விமானியின் தலைமையில் உருவான ப்ளூ ஏஞ்சல்ஸ் அணி, அதே ஆண்டு ஜூன் 15 அன்று ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லில் முதல் பொதுக்காட்சி நடத்தியது. போர் முடிந்து படைகளுக்கான ஒதுக்கீடு சுருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், கடற்படை விமானப்பிரிவின்மீது மக்களுக்கு ஈடுபாடு குறையாமல் காப்பதே நோக்கம். அந்தத் தொடக்கக் காட்சிகளில் ஜப்பானிய ஸீரோ விமானம்போல் வண்ணம் பூசிய ஒரு பயிற்சி விமானத்தை மூவரும் துரத்தி வீழ்த்துவதுபோல் நடித்துக் காட்டினார்கள். அந்த நான்காவது விமானம் தொகுப்பில் இல்லை. சில மாதங்களிலேயே ஹெல்கேட்டுக்கு மாற்றாக எஃப்8எஃப் பேர்கேட் வந்துவிட்டது; 1949இல் பேந்தர் ஜெட்டும் வந்தது.

இந்த அணியின் வரலாற்றில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் நிகழ்வு கையேட்டில் இல்லவே இல்லை. 1950இல் கொரியப்போர் மூண்டதும் அணி கலைக்கப்பட்டு, அதன் விமானிகள் விஎஃப்-191 என்ற போர்ப்படையணியின் கருவாக அமைந்து, பிரின்ஸ்டன் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் போர்க்களம் சென்றார்கள். அணித்தலைவராக இருந்த ஜான் மேக்டா 1951 மார்ச்சில் அங்கே போரில் உயிரிழந்தார். அதே ஆண்டு அணி மீண்டும் திரட்டப்பட்டபோது, வோரிஸே திரும்பவும் தலைமையேற்றார். சாகச அணிகளை வெறும் விழாக்கால அலங்காரமாக எண்ணுவோர் உண்டு. அவர்களுக்கு இந்த ஒரு பத்தியைக் காட்டினால் போதும் என்பதால்தான், கையேடு இதை விட்டுவிட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மூன்றாவது பீடத்துக்காகவே பலர் இந்தத் தொகுப்பை வாங்குவார்கள் என்று நினைக்கிறேன். அமெரிக்க விமானப்படையின் தண்டர்பேர்ட்ஸ் அணி 1953 மே மாதம் அரிசோனாவின் லூக் தளத்தில் எஃப்-84ஜி விமானங்களோடு தொடங்கி, 1956இல் எஃப்-100 சூப்பர் சேபருக்கு மாறி, ஒலியைவிட வேகமாகப் பறக்கக்கூடிய போர்விமானத்தில் சாகசம் காட்டும் முதல் அணியாயிற்று. அந்த எஃப்-100 விமானங்கள் நான்கு இங்கே வைர வடிவில் நிற்கின்றன: முன்னால் தலைவர், இடத்திலும் வலத்திலும் இரு துணை விமானிகள், தலைவருக்கு நேர்பின்னால், சற்றுக் கீழே, ‘ஸ்லாட்’ எனப்படும் இடத்தில் நான்காமவர். காலிப்பரை வைத்தேன். இடப்புறம் 3.4 மில்லிமீட்டர், வலப்புறம் 3.3. உலோக வார்ப்பில் மலிவாகச் செய்யப்படும் மாதிரிகளில் இந்தத் துல்லியத்தை நான் இதுவரை கண்டதில்லை என்பதை மனமார எழுதுகிறேன்.

இவ்வளவு சரியாகச் செய்தவர்கள் நான்காம் விமானத்தின் வாலைக் கோட்டைவிட்டதுதான் புரியவில்லை. ஸ்லாட் விமானி காட்சி முழுவதும் முன்னால் செல்லும் விமானங்களின் எஞ்சின் புகைக்குள் தன் வாலை நீட்டிக்கொண்டே பறக்கிறார். அந்தக் காலத்து எஞ்சின்கள் கக்கிய கரி, நான்காம் விமானத்தின் செங்குத்து வாலைக் கன்னங்கரேலென்று ஆக்கிவிடும். மற்ற விமானங்களைக் கண்ணாடிபோலத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்த தரைப்பணியாளர்கள், அந்த ஒரு வாலை மட்டும் கழுவாமல் விட்டார்கள்; அந்தக் கரி ஸ்லாட் விமானியின் பெருமை. இந்தப் பீடத்திலோ நான்கு வால்களும் புத்தம்புதிதாக மின்னுகின்றன. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் வாலில் ஒட்டியிருக்கும் ஒட்டுப்படத்தின் ஓரம் சற்றும் சுருங்காமல் அழகாகப் படிந்திருப்பது தெரிகிறது. அந்த அழகே அங்கே பிழையாகிவிட்டது.

தண்டர்பேர்ட்ஸ் அணியின் பிற்காலத்தைக் கையேடு விமானங்களின் பெயர்ப்பட்டியலாகச் சுருக்கிவிடுகிறது. 1964இல் எஃப்-105 ஆறே காட்சிகளில் கைவிடப்பட்டதும், 1969இல் எஃப்-4 ஃபேன்டம் வந்ததும், 1970களின் எரிபொருள் நெருக்கடியில் அதை விட்டுவிட்டு 1974இல் சிறிய டி-38 பயிற்சி விமானத்துக்கு மாறியதும் அதில் உள்ளன. ஒரு ஃபேன்டம் குடிக்கும் எரிபொருளில் ஐந்து டி-38 விமானங்கள் பறக்கலாம் என்ற கணக்கும் இருக்கிறது. 1982 ஜனவரி 18 மட்டும் இல்லை.

அன்று நெவாடாவின் இந்தியன் ஸ்பிரிங்ஸ் தளத்தில், நான்கு டி-38 விமானங்கள் ஒரே வரிசையில் தோளோடு தோள் சேர்ந்து ‘லூப்’ எனப்படும் செங்குத்து வட்டத்தைப் பயிற்சி செய்துகொண்டிருந்தன. வட்டத்தின் கீழ்ப்பகுதியில் தலைவரின் விமானம் மேலெழவில்லை. அதன் கட்டுப்பாட்டு அமைப்பு சிக்கிக்கொண்டதே காரணம் என்று விமானப்படையின் விசாரணை முடிவு செய்தது. மற்ற மூவரும் தலைவரோடு சேர்ந்தே தரையில் மோதினார்கள். நால்வரும் மாண்டனர். அணியில் பறக்கும் துணை விமானி தரையையோ அடிவானத்தையோ பார்ப்பதில்லை. தலைவரின் விமானத்தில் குறித்து வைத்துக்கொண்ட இரண்டு புள்ளிகள், எடுத்துக்காட்டாக இறக்கை நுனியில் ஒன்றும் உடற்பகுதியில் ஒன்றும், ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தி நிற்கின்றனவா என்பதை மட்டுமே பார்க்கிறார். அவை பொருந்தினால் தான் சரியான இடத்தில் இருப்பதாக அவருக்குத் தெரியும். மூன்று மில்லிமீட்டரைப் பற்றி நான் இவ்வளவு விரிவாக எழுதுவதன் காரணமும் இதுவே. அந்த நெருக்கத்தில் பறப்பதற்குத் தன் கண்களை முழுமையாக இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. அணி 1983இல் எஃப்-16 விமானங்களோடு மீண்டும் வானேறியது.

இதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, 1962 ஜூனில், மேற்கு ஜெர்மனியின் நோர்வெனிக் அருகே நான்கு ஸ்டார்ஃபைட்டர் விமானங்கள் பயிற்சியின்போது இதேபோல் ஒன்றாகத் தரையில் மோதி நான்கு விமானிகள் இறந்திருந்தார்கள். 1995 டிசம்பரில் மலேசியக் கண்காட்சியிலிருந்து நாடு திரும்பிக்கொண்டிருந்த ‘ரஷ்யன் நைட்ஸ்’ அணியின் மூன்று எஸ்யு-27 விமானங்கள், வியட்நாமின் காம் ரான் தளத்தில் இறங்க முற்படுகையில், மேகத்துக்குள் மறைந்திருந்த மலையில் மோதின. நான்கு விமானிகள் உயிரிழந்தார்கள். சாகசம் எதையும் செய்யாமல், வெறுமனே அணிவகுத்து இறங்கும்போது நேர்ந்த விபத்து அது. வரலாற்றுக் கையேடு என்று அட்டையில் அச்சிட்டுவிட்டு இவர்களையெல்லாம் விட்டுவிடுவது நியாயமில்லை.

நான்காவது பீடத்துக்கு வருகிறேன். பிரிட்டிஷ் விமானப்படையின் 111ஆம் படையணி, ‘பிளாக் ஏரோஸ்’ என்ற பெயரில், கறுப்புப் பளபளப்புப் பூசிய ஹாக்கர் ஹன்டர் விமானங்களைப் பறக்கவிட்டது. 1958 செப்டம்பரில் ஃபார்ன்பரோ கண்காட்சியில் ரோஜர் டாப்பின் தலைமையில் 22 ஹன்டர்கள் ஒன்றாக லூப் அடித்தன. ஒரு படையணியிடம் அவ்வளவு விமானங்கள் இருக்காது. மற்றப் படையணிகளிடமிருந்து விமானங்களையும் விமானிகளையும் இரவல் வாங்கித்தான் அதைச் சாதித்தார்கள். அதன்பின் 16 விமானங்களோடு, பக்கவாட்டில் முழுதாகப் புரண்டு நிமிரும் உருளலும் செய்து காட்டினார்கள். இந்தத் தொகுப்பில் ஐந்து ஹன்டர்கள்தாம் உள்ளன. ஓர் ஹன்டரின் இறக்கை அகலம் இந்த அளவில் ஏறத்தாழ 71 மில்லிமீட்டர் என்பதால், இருபத்திரண்டையும் வைக்க வேண்டுமானால் பீடம் ஒரு சாப்பாட்டு மேசையை விழுங்கிவிடும் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் மீதமுள்ள 17 விமானங்களின் இடங்களை அக்ரிலிக் தகட்டில் வெள்ளைக் கோடுகளாகவாவது பொறித்திருந்தால், பின்வரிசையில் வருபவரின் சிரமம் என்னவென்று பார்ப்பவருக்குத் தெரிந்திருக்கும். பெரிய அணியில் முதல் வரிசையின் சிறு நடுக்கம் அடுத்த வரிசையில் பெரிதாகிறது. அதற்கடுத்த வரிசையில் இன்னும் பெரிதாகிறது. வட்டத்தின் உச்சியில் வேகம் குறைந்து, கட்டுப்பாடுகள் சோர்ந்து நிற்கும் நொடியில் கடைசி வரிசையில் இருப்பவர் செலுத்தும் உழைப்பு, தலைவரின் உழைப்பைவிடப் பன்மடங்கு. ஐந்து விமானங்களின் அழகிய அம்பு வடிவில் அந்த உழைப்பு தெரிவதில்லை.

ஐந்தாவது பீடம் இந்தத் தொகுப்பின் மகுடம். 1960களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் விமானப்படையில் பல படையணிகள் தத்தமக்கென்று சாகச அணிகளை வைத்திருந்தன. போர்ப்பணிக்கான விமானிகளின் நேரம் அதில் கரைவதைக் கண்ட மேலிடம், முழுநேர அணி ஒன்றே போதும் என்று முடிவெடுத்தது. 1964இல் லீ ஜோன்ஸின் தலைமையில் மஞ்சள் நிற நாட் பயிற்சி விமானங்களோடு பறந்த ‘யெல்லோஜாக்ஸ்’ அணியின் அனுபவத்தின்மேல், 1965இல் அவரையே தலைவராகக் கொண்டு ‘ரெட் ஏரோஸ்’ எழுந்தது. முதலிலிருந்தே ஒன்பது விமானங்கள் பறந்ததாகக் கையேடு கூறுவது தவறு. ஏழு விமானங்களோடுதான் தொடங்கினார்கள். ரே ஹன்னா தலைவராக இருந்த காலத்தில், 1968இல்தான் ஒன்பது நிலைபெற்றது. அந்த ஒன்பது விமான வைர வடிவமே இன்றுவரை அவர்களின் முத்திரை. 1980 பருவத்திலிருந்து நாட் விமானத்தின் இடத்தை ஹாக் விமானம் பிடித்துக்கொண்டது.

நாட் மிகச் சிறிய விமானம். இந்த அளவில் இறக்கை அகலம் ஐந்து சென்டிமீட்டர்தான். ஒன்பது சிவப்புத் துளிகள் கம்பிகளின் நுனியில், சற்றே இடப்பக்கம் சாய்ந்து, திரும்பிக்கொண்டிருக்கும் நிலையில் நிற்கின்றன. இந்தச் சாய்வைத் தேர்ந்தெடுத்தவருக்கு என் மரியாதை. நேர்கோட்டில் பறக்கும் அணியைப் பீடத்தில் வைப்பது எளிது. திரும்பும்போது உள்பக்க விமானம் குறுகிய பாதையில் போவதால் வேகத்தைக் குறைத்தும், வெளிப்பக்க விமானம் நீண்ட பாதையில் போவதால் வேகத்தைக் கூட்டியும் பறந்தால்தான் வடிவம் கலையாது. முழு அணியும் ஒரே தகட்டில் ஒட்டப்பட்டதுபோல் சாய வேண்டும். ஆகவே வெளிப்பக்க விமானம் உயரத்திலும், உள்பக்க விமானம் தாழ்விலும் வரவேண்டும். ஒன்பது கம்பிகளின் உயரத்தையும் அளந்து பார்த்தேன். சாய்தளக் கணக்குக்கு அவை ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை. மேசைவிளக்கைப் பக்கவாட்டில் வைத்துக் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தால், ஒன்பது இறக்கைகளின் மேற்பரப்பும் ஒரே சமயத்தில் ஒளியை வாங்கித் திருப்புகின்றன. திறந்தவெளியில் நின்று தலையுயர்த்தி உண்மை அணியைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒற்றை மினுக்கல் எதை நினைவூட்டும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தப் பீடத்தில் மட்டும் புகையும் உண்டு: சிவப்பு, வெள்ளை, நீலம் என மூன்று நிறப் பஞ்சிழைகளைக் கம்பியில் சுற்றி விமானங்களின் பின்னால் பொருத்தச் சொல்கிறார்கள். உண்மையில் எஞ்சினின் கொதிக்கும் வெளியேற்றத்தில் டீசலைச் செலுத்தினால் அது ஆவியாகி வெண்புகையாகிறது. சாயம் கலந்தால் நிறப்புகையாகிறது. பார்வையாளருக்கு அது அழகு. விமானிகளுக்கோ எதிரெதிராக வரும் விமானங்களை அடையாளம் காணவும் காற்றின் போக்கை அறியவும் உதவி. பஞ்சுப்புகை இரண்டாம் வாரமே தூசி பிடித்து, இழை பிரிந்து தொங்கத் தொடங்கியது. நான் கழற்றிவிட்டேன். புகையில்லாத பீடம் இன்னும் நன்றாக இருக்கிறது.

ஆறாவது பீடத்தில் இத்தாலியின் ‘ஃப்ரெச்சே திரிகோலோரி’. வெவ்வேறு படைத்தளங்களின் அணிகள் முறைவைத்துப் பறந்த வழக்கத்தை நிறுத்திவிட்டு, 1961இல் ரிவோல்தோ தளத்தில் நிரந்தர அணியாக இது அமைக்கப்பட்டது. ஒன்பது பேர் அணியாகவும் ஒருவர் தனியாகவும் பறக்க, பத்து விமானங்களோடு காட்சி நடத்துவது இவர்களின் தனித்தன்மை. 1982 முதல் பறந்துவரும் எம்பி-339 விமானங்கள் பத்தையும் அடர்நீலத்தில், அடிவயிற்றில் மூவண்ணப் பட்டையோடு நேர்த்தியாகச் செய்திருக்கிறார்கள். இங்கே இடைவெளிகள் சரியில்லை. பத்து விமானங்களையும் ஒரே பீடத்தில் திணிப்பதற்காகப் பின்வரிசையை நெருக்கியிருக்கிறார்கள். இரண்டு விமானங்களின் இறக்கைகள் மேலிருந்து பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன.

1988 ஆகஸ்ட் 28 அன்று மேற்கு ஜெர்மனியின் ராம்ஸ்டைன் தளத்தில் நேர்ந்த பேரிடரைக் கையேடு ‘ஒரு விபத்து’ என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறது. இரு பிரிவுகள் வானில் இதய வடிவம் வரைய, தனி விமானி கூட்டத்தை நோக்கி வந்து அதை ஊடுருவிச் செல்ல வேண்டிய சாகசத்தில், அவர் சந்திப்புப் புள்ளிக்குக் கணநேரம் முன்னதாக வந்து சேர்ந்தார். மூன்று விமானங்கள் மோதிக்கொண்டன; எரியும் விமானம் பார்வையாளர்களின் நடுவே விழுந்தது. மூன்று விமானிகளையும் சேர்த்து 70 பேர் இறந்தார்கள். இன்று பல நாடுகளின் வான்காட்சிகளில் விமானங்கள் பெரும்பாலும் கூட்டத்துக்கு இணையாகவே பறப்பதையும், சாகசங்களுக்கும் மக்களுக்கும் இடையே பல நூறு மீட்டர் தள்ளிக் கோடு வகுத்திருப்பதையும் காண்கிறோம். அந்த விதிகளை இன்று காணும் கண்டிப்புக்குக் கொண்டுவந்ததில் ராம்ஸ்டைனின் பங்கு பெரிது. மாதிரிகளைச் சேகரிக்கும் சிறுவர்களுக்கு மரணத்தைச் சொல்ல வேண்டாம் என்று பதிப்பித்தவர்கள் கருதியிருக்கலாம். இந்த விதிகள் எப்படி வந்தன என்பதை மறைத்துவிட்டு அந்தச் சிறுவர்களுக்கு இந்தக் கலையை எப்படிக் கற்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசிப் பீடத்தில் இந்திய விமானப்படையின் ‘சூர்ய கிரண்’ அணியைக் கண்டபோது எனக்கு உண்மையான மகிழ்ச்சி. இத்தகைய தொகுப்புகளில் இது அரிதாகவே இடம்பெறும். 1982இல் ஹன்டர் விமானங்களோடு உருவான ‘தண்டர்போல்ட்ஸ்’ அணியின் மரபில், 1996இல் பீதர் தளத்தில் எச்ஜேடி-16 கிரண் பயிற்சி விமானங்களோடு இந்த அணி தொடங்கியது. பயிற்சி விமானங்களின் தட்டுப்பாட்டால் 2011இல் நிறுத்தப்பட்டு, 2015இல் ஹாக் விமானங்களோடு மீண்டெழுந்தது. தொகுப்பிலுள்ளவை பழைய கிரண்கள் ஒன்பது. செம்மஞ்சளும் வெள்ளையும் கலந்த பூச்சில் செம்மஞ்சள் சற்றுச் சிவந்துவிட்டது. கிரணில் இரு இருக்கைகளும் அக்கம்பக்கமாக இருப்பதால் மூக்குப்பகுதி அகன்று, தவளைமுகம்போல் இருக்கும். அதை மெலிதாக்கி அழகுபடுத்தாமல் அப்படியே வார்த்திருப்பது நேர்மையான வேலை. இடப்புற இருக்கையில் அமர்ந்து பறப்பவர், தலைவர் தனக்கு இடப்பக்கம் இருந்தால் கண்ணாடிக்கு அருகிலிருந்தும், வலப்பக்கம் இருந்தால் அடுத்த இருக்கையைத் தாண்டியும் அவரைப் பார்க்க வேண்டும். அந்த வேறுபாட்டைக் கையேடு சொல்லியிருந்தால் இந்த அகன்ற மூக்குக்கு ஒரு பொருள் கிடைத்திருக்கும்.

விடுபட்டவை பல. 1964 அக்டோபர் 10 அன்று டோக்கியோ ஒலிம்பிக் தொடக்கவிழாவில் ஐந்து சேபர் விமானங்களால் வானில் ஐந்து வளையங்களை வரைந்த ஜப்பானின் ‘ப்ளூ இம்பல்ஸ்’ இல்லை. புகையின் பெயரையே தன் பெயராகச் சூடிக்கொண்ட பிரேசில் அணி இல்லை. 1971 முதல் டியூட்டர் விமானங்களில் பறந்த கனடாவின் ‘ஸ்னோபேர்ட்ஸ்’ இல்லை. எதாம்ப் மரபில் வந்து 1953இல் பெயர்பெற்று, 1964இல் செலவுக்குறைப்பால் கலைக்கப்பட்டும், பயிற்சிப்பள்ளி அணியின் வடிவில் அதே பெயரைக் காப்பாற்றிக்கொண்ட ‘பத்ரூய் த ஃப்ரான்ஸ்’ இல்லாததுதான் பெருங்குறை. பத்து விமானங்களை ஒரே பீடத்தில் நெருக்கியதற்குப் பதிலாக, அந்த இடத்தில் பிரெஞ்சு அணியின் எட்டு ஆல்ஃபா ஜெட்களை விரித்து வைத்திருக்கலாம்.

உறுதியைப் பொறுத்தவரை குறையில்லை. கம்பிகள் தளர்வதில்லை, தூசி தட்ட மென்தூரிகை போதும். இரண்டு கிரண்களின் பொருத்துத்துளை மட்டும் சற்றுப் பெரிதாக இருந்து விமானம் சுழன்றது. மெல்லிய காகிதச் சுருளை உள்ளே செருகியதும் நின்றுவிட்டது. மாதிரிக்காக வாங்குவோர் தயங்காமல் வாங்கலாம். வரலாற்றுக்காக வாங்குவோர் கையேட்டைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது பீடங்களை மட்டும் கண்மட்டத்தில் ஓர் அலமாரித் தட்டில் வரிசையாக வைத்துப் பார்க்கட்டும். கயிற்றால் பிணைத்த மூன்று, கரி படிய வேண்டிய நான்கு, ஒன்றாய்ச் சாயும் ஒன்பது என்று பார்த்துக்கொண்டே போனால், கையேடு சொல்லாததையும் அவை சொல்லும்.

நேற்று மாலை பென்சிலின் கரித்தூளைச் சுரண்டி, சிறு தூரிகையால் தொட்டு, மூன்றாம் பீடத்தின் நான்காம் விமானத்தினுடைய வாலில் மேலிருந்து கீழாகத் தடவினேன். முதலில் சாம்பல் நிறமாகத்தான் படிந்தது. மூன்றாவது முறை தடவியதும் கறுத்தது. மற்ற மூன்று வால்களையும் துணியால் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருக்கிறேன்.